டிஸ்சார்ஜ் சீட்டில் மூக்குக்கு ஒரு வரி

பெறுநர்:
புதுச்சேரி அரசின் நலவழித்துறை இயக்குநர், பள்ளிக் கல்வி இயக்குநர்;
கடலூர் மாவட்ட ஆட்சியர், நலப்பணிகள் இணை இயக்குநர், முதன்மைக் கல்வி அலுவலர்.

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பும் ஒரு பிள்ளையின் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். சுயநினைவுக்கு எத்தனை மதிப்பெண், ஸ்கேனில் என்ன தெரிந்தது, எத்தனை தையல், வலிப்பு வந்ததா, கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, கை கால் அசைவு எப்படி, எல்லாம் இருக்கும். மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளில் முதலாவது மோப்ப நரம்பு. பரிசோதனைக் குறிப்பிலோ "2 முதல் 12 வரை நார்மல்" என்று எழுதுவதே வழக்கம். முதல் நரம்பை யாரும் கேட்பதில்லை. இது நம் ஊர் ஆஸ்பத்திரிகளின் குறை மட்டும் இல்லை, உலகெங்கும் உள்ள பழக்கம். ஆனால் மாற்றுவதற்குப் பெரிய செலவு இல்லாத பழக்கம்.

நாங்கள் கேட்பது அந்தச் சீட்டில் ஒரு வரி. அந்த வரியை நிரப்புவது எப்படி, நிரப்பிய பிறகு என்ன செய்வது என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில், என்ன நடக்கிறது என்பது. மூக்கின் கூரையில் சல்லடை போலத் துளைகள் உள்ள ஒரு மெல்லிய எலும்பு இருக்கிறது. மோப்ப நரம்பின் இழைகள், ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20, அந்தத் துளைகள் வழியாக மேலே போய் மூளையின் அடியில் இருக்கும் மோப்பக் குமிழில் சேர்கின்றன. ஓடும் வண்டியிலிருந்து விழுந்து தலை சட்டென்று நிற்கும்போது மண்டைக்குள் மூளை முன்னும் பின்னும் சறுக்குகிறது. எலும்பு நகர்வதில்லை. நடுவில் மாட்டிய இழைகள் அறுந்துபோகின்றன. மொட்டை மாடியில் வழுக்கி மல்லாந்து விழுந்தாலும் இதே கதைதான். அடி பின்மண்டையில் என்றாலும் மூளை முன்னால் போய் மோதுகிறது. "பின்னாடிதானே அடி, மூக்குக்கு என்ன சம்பந்தம்" என்று விட்டுவிடுவதற்கு இடமே இல்லை.

சி.டி. ஸ்கேனில் இந்த இழைகள் தெரியாது. ஸ்கேன் நார்மல் என்றால் ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் கண்ணில் படவில்லை என்பது வரைக்கும்தான் பொருள். அடி பலமாக இருந்தால் மோப்பம் போகும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு நிமிடம் கூட மயங்காத பிள்ளைக்கும் போகலாம். சில பிள்ளைகளுக்கு நரம்பு நன்றாகவே இருக்கும், மூக்கெலும்பு உடைந்தோ நடுச்சுவர் கோணியோ ரத்தம் கட்டியோ காற்று மேலே போகாமல் இருக்கும். இவர்களுக்கு மருத்துவம் உண்டு, சில வேளை உடனே செய்தாக வேண்டிய மருத்துவம். இரண்டையும் பிரித்துப் பார்க்கவாவது காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு முறை மூக்குக்குள் பார்த்தாக வேண்டும்.

வேறு எதற்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை. அடிபட்ட பிள்ளைக்கு ஒரு மூக்கிலிருந்து தண்ணீர் போலத் தெளிவாக, குனிந்தால் அதிகமாகச் சொட்டினால் அதைச் சளி என்று நினைக்கக் கூடாது. தொண்டையில் உப்புக் கரிக்கிறது என்று பிள்ளை சொல்லும். மூளையைச் சுற்றியிருக்கும் திரவம் அந்தச் சல்லடை எலும்பின் விரிசல் வழியாக வடிகிறது என்று எடுத்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வந்த வழியே கிருமி உள்ளே போனால் மூளைக்காய்ச்சல். மூக்கைச் சிந்தக் கூடாது, உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, பெரியவர்கள் அன்பாகச் செய்யும் மூக்கில் எண்ணெய் விடுவது கூடவே கூடாது. கீழே சொல்லப்போகும் மோப்பப் பயிற்சிக்கும் இந்தக் கசிவு இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் நாள் குறிக்க வேண்டும்.

இனி, பிள்ளை ஏன் சொல்வதில்லை என்பது. கண் தெரியாவிட்டால் முட்டிக்கொள்ளும், காது கேட்காவிட்டால் கூப்பிட்டால் திரும்பாது. மோப்பம் போனால் வெளியில் ஒன்றும் தெரியாது. நாலு வயதுக்குள் அடிபட்ட பிள்ளைக்கு வாசனை என்றால் என்ன என்ற நினைவே மங்கலாக இருக்கும். மற்றவர்களுக்கும் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் பெரியவர்களுக்கே பிடிபடாது. கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளை சொல்லும் வார்த்தையோ திசை திருப்பிவிடும். "மூக்கு தெரியல" என்று எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. "சாப்பாடு நல்லா இல்ல", "ருசியே இல்ல" என்றுதான் சொல்லும். உடனே நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்போம், வைட்டமின் டானிக் எழுதுவோம், பூச்சி மாத்திரை கொடுப்போம்.

நாக்கில் ஒன்றும் போகவில்லை. இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு, கறிச்சாற்றின் சுவை, இவை நாக்குக்குத் தெரியும். மிளகின் காரமும் சூடும் முகத்துக்கு உணர்வு தரும் வேறொரு நரம்பின் வேலை, அதுவும் இருக்கும். ஆனால் ரசத்தை ரசமாக்குவது சீரகமும் பெருங்காயமும் பூண்டும் கொத்தமல்லியும். அவற்றின் மணம் மென்று விழுங்கும்போது தொண்டைக்குப் பின்புறமாக மேலே ஏறி மூக்குக்குள் போய்த்தான் நமக்கு ருசியாகிறது. மோப்பம் போன பிள்ளைக்கு அந்த ரசம் புளிப்பும் காரமும் உள்ள வெந்நீர். அதனால்தான் ஊறுகாயை அள்ளுகிறது, தயிர்ச் சாதத்தில் உப்பை அள்ளிப் போடுகிறது, அல்லது தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிறது. எடை ஏறுவதும் இறங்குவதும் இதிலிருந்து வரலாம்.

இது மனதுக்குள் எப்படி இறங்குகிறது என்பதுதான் இந்த மடலின் பாரம். மோப்பக் குமிழிலிருந்து கிளம்பும் செய்தி, மூளையில் பயத்தையும் ஆசையையும் கையாளும் பகுதிக்கும் நினைவைச் சேர்க்கும் பகுதிக்கும் நேராகப் போகிறது. மற்ற புலன்களின் பாதை இவ்வளவு குறுக்குவழி இல்லை. அம்மாவின் புடவை, தலைக்கு வைத்த எண்ணெய், மழை விழுந்த வாசல், இவையெல்லாம் ஒரு பிள்ளைக்கு "இது என் வீடு" என்று சொல்லாமல் சொல்பவை. அவை நின்றுபோனால் எதுவோ குறைகிறது என்று தெரியும், என்னவென்று சொல்லத் தெரியாது. மோப்பம் இழந்தவர்களிடம் மனச்சோர்வு மிகுதியாக இருப்பது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. பிறவியிலேயே மோப்பம் இல்லாதவர்களிடமும் மற்றவர்களோடு பழகுவதில் தயக்கமும் தன்மேல் சந்தேகமும் கூடுதல்.

பள்ளிப் பிள்ளையிடம் இது தெரியும் விதம் வேறு. ஒரே நாளில் மூன்று நான்கு முறை சோப்புப் போட்டுக் குளிக்கும். தோழியிடம் "என்மேல நாத்தம் அடிக்குதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கும். மதிய உணவைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடும், அல்லது டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுபோகும். விளையாட்டு வகுப்புக்கு மட்டம் போடும், வேர்த்தால் தெரியாதே என்று பயம். பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு தடவை சிரித்திருந்தால் போதும். "மூக்கு செத்துப்போச்சா?" என்று பெரியவர்கள் விளையாட்டாகக் கேட்கும் கேள்வி இங்கே விளையாட்டாக இருப்பதில்லை. பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நாட்களில் இந்தப் பயம் இரட்டிப்பு. அவர்களுக்குச் சொல்ல வேண்டியது எளிது: நாப்கினை வாடையைப் பார்த்து மாற்றாதே, கடிகாரத்தைப் பார்த்து மாற்று, 4 முதல் 6 மணிக்கு ஒரு முறை. ஆனால் இதைச் சொல்லும் ஆசிரியைக்கு முதலில் அந்தப் பிள்ளையின் மூக்கைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. மோப்பக் குமிழ் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும் முன்மூளைப் பகுதிதான் கோபத்தை அடக்குவது, யோசித்துப் பேசுவது, மற்றவர் மனம் அறிந்து நடப்பது போன்ற வேலைகளைப் பார்க்கிறது. இழைகளை அறுத்த அதே மோதல் அந்தப் பகுதியையும் நசுக்கியிருக்கலாம். ஆகவே அடிக்குப் பிறகு மோப்பம் போன பிள்ளை வகுப்பில் எடுத்தெறிந்து பேசினால், எழுதும் வேலையைப் பாதியில் விட்டால், அதைத் திமிர் என்று முடிவுகட்டுவதற்கு முன் உளவியல் பரிசோதனை ஒன்று தேவை. மோப்ப இழப்பு இங்கே ஒரு கைகாட்டி மரம் போல. அதே சமயம் எல்லாச் சோகத்தையும் மூக்கின் தலையில் கட்டவும் கூடாது. தலைக்காயமே தூக்கத்தைக் கெடுக்கும், சோர்வைத் தரும். விபத்தில் உடன் வந்தவரை இழந்த பிள்ளையின் துக்கம் வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் சிரிப்பும் விளையாட்டும் பசியும் இல்லாமல் இருந்தால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். சாவைப் பற்றிப் பேசினால் அன்றே போக வேண்டும். இரவானாலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் ஆள் கிடைப்பார்கள், தமிழில் பேசலாம்.

சரி, பரிசோதனைக்கு வருவோம். டிஸ்சார்ஜ் அன்று செய்தால் பயன் குறைவு. மூக்குக்குள் ரத்தம் காய்ந்திருக்கும், குழாய் போட்ட வீக்கம் இருக்கும், பிள்ளை அரைத் தூக்கத்தில் இருக்கும். ஆகவே அன்று எழுத வேண்டியது "மோப்பம்: பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய தேதி" என்பதுதான். முதல் பார்வை 4 முதல் 6 வாரத்தில், மறுபரிசோதனைக்கு வரும் நாளோடு சேர்த்து. குறைவு என்று தெரிந்தால் 3, 6, 12 மாதங்களில் மறுபடியும்.

மேலை நாடுகளில் இதற்கென்று பெட்டிகள் விற்கிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1984-இல் வந்த, சுரண்டி முகர்ந்து பார்க்கும் 40 கேள்விப் புத்தகமும், ஜெர்மனியில் உருவான பேனா வடிவ மோப்பக் குச்சிகளும் புகழ்பெற்றவை. விலையை விடுங்கள், அவற்றில் இருக்கும் சில வாசனைகளை நம் பிள்ளைகள் ஆரோக்கியமான மூக்கோடும் கண்டதில்லை. தெரியாத வாசனைக்குப் பெயர் சொல்லவில்லை என்று மூக்கைக் குறை சொல்ல முடியாது. முதற்கட்டமாகப் பிரித்துப் பார்க்க நம் அடுப்படியே போதும்.

எட்டுப் பழுப்பு நிறக் கண்ணாடி மருந்துப் புட்டிகள், 30 மில்லி அளவு, இறுக்கமான மூடி. காபித்தூள், கிராம்பு, ஏலக்காய், எலுமிச்சைத் தோல், பெருங்காயம், வாழைப்பழம், கறிவேப்பிலை, கருவாடு. பொருள் கண்ணுக்குத் தெரியாமல் மேலே பஞ்சு. காபித்தூள் ஃபில்டர் தூளாக இருக்கட்டும், உடனடிக் காபிக்கு மணம் போதாது. காய்ந்த சரக்கை வாரம் ஒரு முறை மாற்ற வேண்டும். எலுமிச்சைத் தோல், பழம், இலை மூன்றும் அன்றன்றைக்கு. கருவாடு அறியாத வீட்டுப் பிள்ளை என்றால் அதற்குப் பதில் நெய். பண்ருட்டிப் பக்கம் பலாச்சுளை எளிதில் அடையாளம் தெரியும், ஆனால் பருவம் முடிந்தால் கிடைக்காது. ஆண்டு முழுக்க ஒரே பெட்டி வேண்டும் என்பதால் அதைச் சேர்க்கவில்லை. மல்லிகையைச் சேர்க்கத் தோன்றும், சேர்க்காதீர்கள். அது மாலையில் மலர்வது. காலை 10 மணிக்கு மொட்டை நீட்டினால் நல்ல மூக்குக்கே ஒன்றும் தெரியாது.

வைக்கக் கூடாதவை இதைவிட முக்கியம். தலைவலித் தைலம், கற்பூரம், புதினா, ஸ்பிரிட், அமோனியா, வெங்காயம், வினிகர், மிளகாய்த் தூள், இவற்றையெல்லாம் எரிச்சலாக, குளிர்ச்சியாக, குத்தலாக உணர்வது முகத்தின் உணர்வு நரம்பு. மோப்பம் முழுதாகப் போன பிள்ளையும் தைலத்தை நீட்டினால் முகத்தைத் திருப்பும். வார்டில் கைக்கு எட்டும் ஸ்பிரிட் பஞ்சை மூக்கில் காட்டி, பிள்ளை முகம் சுளித்ததும் "முதல் நரம்பு நார்மல்" என்று எழுதுவது இதனால்தான் தவறாகிறது. அமோனியாவுக்கும் அசையவே இல்லை என்றால் அது வேறு செய்தி: பிள்ளை பயத்தில் ஒத்துழைக்கவில்லை, அல்லது மூக்கே அடைத்திருக்கிறது.

செய்யும் முறை: பிள்ளைக்கு 6 வயதாவது இருக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்து அறை வேண்டாம், 11 மணிக்குச் சாம்பார் கொதிக்கும்போது எந்தப் புட்டியும் சாம்பார்தான். ஒரு மூக்கை விரலால் மெதுவாக மூட வேண்டும், நடுச்சுவர் வளையும்படி அழுத்தினால் மறுபக்கமும் அடைத்துவிடும். திறந்த புட்டியை மூக்குக்கு 2 செண்டிமீட்டர் தள்ளி, இரண்டு மூன்று சிறு முகர்வு. ஒவ்வொரு புட்டிக்கும் நாலு படம் காட்டி ஒன்றைத் தொடச் சொல்ல வேண்டும். பெயர் கேட்டால் பேச்சுத் தடுமாறும் பிள்ளை தோற்றுவிடும். அடுத்ததற்கு அரை நிமிடம் இடைவெளி. தெரியாவிட்டாலும் ஏதாவது ஒரு படத்தைத் தொடு என்று சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் தொட்டால் சராசரியாக எட்டுக்கு 2 வரும். 5 அல்லது அதற்கு மேல் குருட்டாம்போக்கில் வருவது நூற்றில் மூன்றுக்கும் குறைவு. ஆகவே 5 வந்தால் விடலாம், 4 அல்லது குறைந்தால் இன்னொரு நாள் திரும்ப, மறுபடியும் குறைந்தால் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு. சளி பிடித்திருக்கும் நாளில் செய்யவே வேண்டாம். ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம் பிடிக்கும். பயிற்சி பெற்ற செவிலியர் போதும்.

இந்த எட்டுப் புட்டி நோயை உறுதி செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். யாரை மேலே அனுப்புவது என்று பிரிக்க மட்டுமே. 6 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோரிடம் கேட்பதுதான் வழி: பால் தீய்ந்தால் சொல்கிறதா, பிடித்த பண்டம் மாறியதா, மணம் வந்ததும் அடுப்படிக்கு ஓடி வந்த பிள்ளை இப்போது வருகிறதா.

மருத்துவம் என்று பார்த்தால், நரம்பு அறுந்ததைத் திருப்பித் தரும் மாத்திரை கிடையாது. துத்தநாக மாத்திரைக்கு நம்பத்தக்க பலன் காணப்படவில்லை. மூக்கில் விடும் துத்தநாகக் களிம்பு மோப்பத்தையே கெடுக்கிறது என்று 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. மோப்ப உயிரணுக்கள் வாழ்நாள் முழுக்கப் புதிதாக முளைப்பவை. ஆனால் அறுந்த இடத்தில் தழும்பு கட்டினால் புது இழை சல்லடையைத் தாண்ட முடியாது. பெரியவர்களிடம் செய்த ஆய்வுகளில் தோராயமாக மூன்றில் ஒருவருக்கு ஓரளவு திரும்பியிருக்கிறது, முழுதாகத் திரும்புவது அதைவிடக் குறைவு. வருவது பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள்.

அந்த ஓராண்டில் செய்யக்கூடியது மோப்பப் பயிற்சி. ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் தாமஸ் ஹம்மலும் உடனிருந்தவர்களும் 2009-இல் வெளியிட்ட முறை: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு, காலை ஒரு வேளை, இரவு ஒரு வேளை, 12 வாரம். வீட்டில் செய்ய நாலு சிறு புட்டி, அடியில் பஞ்சு, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு சொட்டு எண்ணெய். எண்ணெய் கிடைக்காவிட்டால் தட்டிய கிராம்பும் துருவிய எலுமிச்சைத் தோலும் போதும். ஒவ்வொன்றையும் 15 முதல் 20 நொடி, ஆழமாக இழுக்காமல் முயல் முகர்வது போலச் சின்னச் சின்னதாக. நடுவில் அரை நிமிடம். மொத்தம் மூன்று நிமிடம் போல. முகரும்போது அந்தப் பொருளின் படத்தைப் பார்க்க வேண்டும், அதன் மணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். முன்பு தெரிந்த வாசனையை மூளை தேடுவதுதான் பயிற்சி. 12 வாரம் முடிந்ததும் வேறு நாலுக்கு மாற்றி, 6 மாதம் வரைக்குமாவது தொடரலாம். வாரம் ஒரு முறை 0 முதல் 10 வரை பிள்ளையே மதிப்பெண் போட்டு எழுதட்டும்.

கெட்டுப்போகும் இடங்கள் தெரிந்தவைதான். நீலகிரித் தைலமும் கற்பூரமும் வயிற்றுக்குள் போனால் சிறு பிள்ளைக்கு வலிப்பு வரும், புட்டிகள் பூட்டின அலமாரியில் இருக்க வேண்டும். இழைப்பு உள்ள பிள்ளைக்குத் தைலம் வேண்டாம். ஊதுபத்தி, சாம்பிராணிப் புகை பயிற்சிக்கு ஆகாது. பஞ்சின் மணம் குறைந்திருப்பது மோப்பம் இல்லாத பிள்ளைக்குத் தெரியாது, ஆகவே மாதம் ஒரு முறை வீட்டில் வேறு மூக்கு முகர்ந்து பார்த்து மாற்ற வேண்டும். மூன்றாவது வாரத்தில் பிள்ளைக்கு அலுத்துப்போகும்; பல் துலக்குவதோடு முடிச்சுப் போட்டால் நிற்கும், அண்ணனோ தங்கையோ சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. எல்லாவற்றையும் விடப் பெரிய கெடுதி, "ஒழுங்கா மோந்து பாரு, தெரியுதா இல்லயா?" என்று தினம் பரீட்சை வைப்பது. பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்து "தெரியுது" என்று சொல்லத் தொடங்கும். அதற்குப் பிறகு அந்த நோட்டுப் புத்தகம் பொய்.

மோப்பம் திரும்பும் வழியில் சிலருக்கு வாசனை கோணலாக வரும். காபி தீய்ந்த ரப்பர் மாதிரி, வெங்காயம் வதக்கினால் சாக்கடை மாதிரி. இல்லாத புகை வாடை அடிப்பதும் உண்டு. நரம்பு திரும்ப இணைவதற்கான அறிகுறியாகவும் இது இருக்கலாம், ஆனால் பிள்ளைக்குச் சாப்பாடு நரகம். அந்த நாட்களில் தாளிப்பு இல்லாத, ஆறிய உணவு: இட்லி, தயிர்ச் சாதம், வெள்ளரி. கோணல் இல்லாத பிள்ளைக்கு நேர்மாறாக மொறுமொறுப்பும் புளிப்பும் நிறமும் கூட்டலாம். அப்பளம், வடகம், மாங்காய்ப் பத்தை, வறுத்த முந்திரி. உப்பையும் சர்க்கரையையும் கூட்டிச் சரிக்கட்டக் கூடாது.

பெற்றோரிடம் என்ன சொல்வது என்பதையும் மருத்துவர்கள் யோசிக்க வேண்டும். "போகப் போகச் சரியாயிடும்" என்பது பொய்யாகலாம், "இனிமே வராது" என்பதும் முதல் ஆண்டில் பொய்யாகலாம். "மூக்கிலிருந்து மூளைக்குப் போற நரம்புல அடி, உன் தப்பு இல்ல, ஒரு வருஷம் பயிற்சி செஞ்சு பாப்போம், அதுவரைக்கும் பத்திரமா இருக்க வழி சொல்றேன்" என்றால் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும். பெயர் வைத்ததுமே பாதி பயம் இறங்கிவிடுகிறது. வீட்டிலும் வகுப்பிலும் ஒவ்வொரு ஆள், தயக்கமில்லாமல் "வாடை வருதா?" என்று கேட்கக்கூடிய மூக்குத் துணை, வைத்துக்கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, ஒரு பதில் என்று பேசி வைத்துக்கொண்டால் பதற்றம் வளராது.

இனி, பாதுகாப்புக்கு வருகிறோம். சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாடை இல்லை. கசிந்தால் தெரியவே அதில் மெர்காப்டன் கலக்கிறார்கள். மோப்பம் இல்லாதவருக்கு அந்த ஏற்பாடே இல்லாத மாதிரி. கசிவு அலாரம் ஒன்றை வைக்கலாம், ஆனால் வைக்கும் உயரம் தவறினால் வீண். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், தரையிலிருந்து ஓரடிக்குள் வைக்க வேண்டும். குழாயில் வரும் இயற்கை வாயு லேசு, கூரைக்கு அருகில் வைக்க வேண்டும். கசிவு உதவிக்கு 1906. மாவு, குழம்பு, பால் இவற்றில் தேதி எழுதி ஒட்டும் பழக்கம் வேண்டும். மீன் வாங்கப் போகும் பெரிய பிள்ளைக்குச் செவுளின் சிவப்பும் கண்ணின் பளபளப்பும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கடலூர் ஆட்சியருக்குத் தனியாக ஒன்று. சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டையை ஒட்டியிருக்கும் குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம் மக்களுக்கு மூக்குதான் முதல் எச்சரிக்கை மணி. 2004-இல் சிப்காட்டைச் சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் பக்கெட் வைத்துக் காற்று மாதிரி எடுத்தார்கள்; அவர்கள் பதிவேட்டில் எழுதியவையும் வாடைகள்தான். அந்த ஊர்களின் ஆபத்துக்கால ஏற்பாட்டில் மோப்பம் இல்லாதவர்களின் வீடு எது என்று தெரிந்திருக்க வேண்டும். வாடை வந்தால் ஓடு என்ற அறிவிப்பு அவர்களுக்கு உதவாது.

கல்வி அதிகாரிகளுக்கு: மேல்நிலை வேதியியல் செய்முறையில் உப்புப் பகுப்பாய்வு மூக்கை நம்பி நடக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் என்று எழுதினால் சல்ஃபைடு. மோப்பம் இல்லாத மாணவருக்கு லெட் அசிடேட் தாள் கறுப்பதையும், அமோனியாவுக்கு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் தொட்ட கண்ணாடிக் குச்சியில் வெண்புகை வருவதையும், சல்ஃபர் டை ஆக்சைடுக்கு டைக்ரோமேட் தாள் பச்சையாவதையும் போதுமான விடையாக ஏற்க ஒரு சுற்றறிக்கை போதும். நச்சு வாயுவை அவர் உணராமல் அதிகம் உள்ளிழுத்துவிடுவார் என்பதால் புகைப்போக்கியின் கீழ் மட்டுமே செய்ய விட வேண்டும்.

திட்டங்களைப் பொறுத்தவரை ஓட்டைகள் தெளிவானவை. 2013 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் பார்வையும் செவியும் உண்டு, மோப்பம் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகையிலும் இல்லை. தமிழ்நாட்டின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது, உயிர்களைக் காக்கிறது. மோப்பக் குறை அந்த 48 மணி நேரத்தில் யார் கண்ணுக்கும் தெரியாது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இந்த இழப்பைச் சொல்ல நினைக்கும் பெற்றோரிடம் எழுதின காகிதம் எதுவும் இருப்பதில்லை. கடலூரில் அடிபட்டுப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அனுப்பப்படும் பிள்ளையின் மறுபரிசோதனை திரும்பக் கடலூரில் நடக்கிறது, எல்லையின் இரு பக்கமும் ஒரே வரி இருந்தால்தான் சங்கிலி அறாது.

தலைக்கவசம் பற்றிச் சுருக்கமாக: 2023 பிப்ரவரி 15 முதல், 9 மாதத்திலிருந்து 4 வயது வரை உள்ள பிள்ளைக்கும் இருசக்கர வண்டியில் தலைக்கவசமும் உடலோடு கட்டும் பட்டையும் கட்டாயம், வேகம் 40-க்கு மேல் கூடாது. பெட்ரோல் டாங்கின் மேல் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு போகும் வண்டி தவளக்குப்பத்திலும் ரெட்டிச்சாவடியிலும் எத்தனை என்று எண்ண ஆள் தேவையில்லை.

நாங்கள் கேட்கும் வரி இதுதான். 18 வயதுக்குக் கீழே, தலைக்காயத்தோடு அனுமதிக்கப்பட்ட ஒவ்வொருவரின் சீட்டிலும்:

"மோப்பம் — பார்த்த தேதி: ____ வலது: __/8 இடது: __/8 பார்க்கவில்லை எனில் வரவேண்டிய தேதி: ____ மூக்கில் நீர்க்கசிவு: உண்டு / இல்லை. பள்ளிக்குத் தெரிவிக்கப் பெற்றோர் ஒப்புதல்: உண்டு / இல்லை."

கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். பெற்றோரும் பிள்ளையும் சம்மதித்தால் மட்டும், வகுப்பு ஆசிரியர் ஒருவருக்கு மட்டும். ஊருக்கே தெரிந்தால் புதுப் பட்டப்பெயர் ஒன்று கிடைக்கும். முதல் கட்டமாகக் கடலூர் மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையிலும், புதுச்சேரி எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையிலும் ஆறு மாதம் செய்து பாருங்கள். புட்டிகளை நிரப்பவும் செவிலியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி தரவும் நாங்கள் வருகிறோம். தேதி சொன்னால் போதும்.

இப்படிக்கு,
தலைக்காயம் பட்ட பிள்ளைகளோடு வேலை செய்யும் செவிலியர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள், பள்ளி ஆலோசகர்கள் சிலர்
புதுச்சேரி, கடலூர்